நடைபாதை வாழ்வு நாடிப் பெற்றதா?

“வீடின்றி வீதியில் கிடப்போர் தாமே விரும்பி அவ்வாழ்வை ஏற்றனர்” என்று மாடியில் வாழ்வோர் சிலர் மொழிகின்றனர். விருப்பமா அது?

1981ஆம் ஆண்டு, மழைக்காலத்தில், பம்பாய் நடைபாதைவாசிகளை வெளியேற்ற மகாராட்டிர அரசு முனைந்தது. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 1985இல் மன்றம் கூறியது யாது? வேலைக்கு அருகில் இருக்கவே அவர்கள் நடைபாதையில் தங்குகின்றனர். பிழைப்பைப் பறிப்பது வாழ்வுரிமையைப் பறிப்பதே என்றது. எனினும், முன்னறிவிப்புத் தந்து அகற்றலாம் என்றும் தீர்ப்பளித்தது!

இரு நல்வழி உள்ளவனுக்கன்றோ தேர்வு உண்டு? தொலைவில் குடிசையும் பட்டினியும். அருகில் நடைபாதையும் கூலியும். இவற்றில் ஒன்றைக் கொள் என்பது தேர்வா, தண்டனையா? அவர்கள் தேர்ந்தது உழைப்பை.

நகரைக் கட்டிய கைகளுக்கு நகரில் ஓரிடம் தராத சமுதாயம், “நீயே விரும்பினாய்” என்று கூறுவது, தன் குற்றத்தை மறைக்கும் தந்திரமன்றோ!