கறையற்ற கைகளின் பொறுப்பு

தன் கையால் ஒருவரையும் துன்புறுத்தி அறியாத, பொதுப் பணத்தில் ஒரு காசையும் தன் பெட்டியில் சேர்த்து அறியாத ஒரு மனிதர், சித்திரவதைக் கூடங்களையும் வாய்ப்பூட்டுச் சட்டங்களையும் துணையாகக் கொண்டு நடந்த ஓர் ஆட்சிக்குப் பன்னிரண்டரை ஆண்டுகள் பிரதம மந்திரியாக வீற்றிருந்தாரானால், அந்த ஆட்சி செய்த பாவங்களில் அவருக்குப் பங்கு உண்டா என்ற கேள்வி, 1979ஆம் ஆண்டு வசந்த காலத்தில் டெஹ்ரான் நகரத்துக் கஸ்ர் சிறைச்சாலையில் எழுந்தது. ஆற அமர விசாரிக்கப்பட்டு விடை காணப்படுமுன்னரே துப்பாக்கி வேட்டினால் அது அடக்கப்பட்டுவிட்டது. அடக்கப்பட்டதே அன்றித் தீர்க்கப்படவில்லை. ஆதலின் அதை மீண்டும் எடுத்து நிதானமாக ஆராய்வது, இறந்தவருக்கும் அவர் ஆட்சியில் துன்புற்றவர்களுக்கும் ஒருங்கே செய்யத்தக்க கடமையாகும்.

அந்த மனிதரின் பெயர் அமீர் அப்பாஸ் ஹொவெய்தா. ராஜதந்திரி ஒருவரின் மகனாகப் பிறந்து, பெய்ரூட்டில் பிரெஞ்சுக் கல்வியில் வளர்ந்து, பிரஸ்ஸல்ஸில் பட்டம் பெற்று, ஈரானிய வெளிநாட்டு இலாகாவிலும், ஐக்கிய நாடுகள் சபையின் அகதிகள் அலுவலகத்திலும், பின்னர்த் தேசிய எண்ணெய்க் கம்பெனியிலும் பணியாற்றிய அவர், நண்பர் ஹஸன் அலி மன்ஸூர் 1964இல் அமைத்த மந்திரி சபையில் நிதி மந்திரியானார். 1965 ஜனவரியில் நாடாளுமன்றத்தின் வாயிலருகே மன்ஸூர் சுடப்பட்டு உயிர் துறக்கவே, அவருடைய இடத்தில் ஹொவெய்தாவை ஷா முகம்மது ரெஸா பஹ்லவி அமர்த்தினார். இடைக்கால ஏற்பாடென்று பலராலும் கருதப்பட்ட அந்த நியமனம் 1977 ஆகஸ்டு வரையில் நீடித்தது; அரசியல் சாசன காலத்து ஈரானில் வேறெந்தப் பிரதமரும் அத்தனை காலம் பதவி வகித்ததில்லை. சட்டைப் பித்தானுக்கருகே ஓர் ஆர்கிட் மலர், வாயில் புகைக்குழாய், கையில் ஊன்றுகோல் என்ற கோலத்தில், உள்நாட்டிலே தயாரான பைக்கான் காரைத் தாமே ஓட்டிச் செல்லும் அவரை டெஹ்ரான் மக்கள் நன்கு அறிவார்கள். அரண்மனைச் சூழலில் செல்வம் திரட்டியவர்கள் மலிந்திருந்த அக்காலத்தில், அவர் பணம் சேர்த்தார் என்று அவரை வெறுத்தவர்களாலும் நிறுவ முடிந்ததில்லை. இது சிறு புகழன்று.

ஆனால் தனி மனிதனின் ஒழுக்கத்தை அளக்கும் கோல் ஒன்று, பதவியின் பொறுப்பை அளக்கும் கோல் மற்றொன்று. சாவாக் என்ற ரகசியப் போலீஸ் ஸ்தாபனத்தின் தலைவர், சட்டப்படி பிரதம மந்திரிக்குத் துணையானவர் என்ற பட்டத்தையே தாங்கியிருந்தார். நடைமுறையிலோ அவர் ஷாவிடம் மட்டுமே பதில் சொன்னார். ராணுவமும் வெளிநாட்டு விவகாரமும் அவ்வாறே பிரதமரின் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தன. ஹொவெய்தா தமது விசாரணையின்போது முன்வைத்த வாதத்தின் சாரமும் இதுவே: தாம் நிர்வாகத்தைக் கவனித்தவரே அன்றி முடிவெடுத்தவர் அல்லர்; குற்றம் ஓர் அமைப்பினுடையது; அவ்வமைப்பில் தாமும் ஒருவர்; தமது கைகளில் ரத்தமும் இல்லை, பணமும் இல்லை. இவ்வாதத்தைப் பொய்யென்று தள்ளிவிட முடியாது. அதில் கூறப்பட்ட ஒவ்வொரு செய்தியும் பெரும்பாலும் உண்மையே. ஆயினும் உண்மைகள் பல கூடியும் ஒரு நியாயம் ஆகாமற் போவதுண்டு.

ஈரானியரே தங்கள் ரத்தத்தைச் சிந்திப் பெற்ற சாசனம் இவ்விஷயத்தில் மிகத் தெளிவாகப் பேசுகிறது. 1906ஆம் ஆண்டுப் புரட்சியின் பயனாக எழுந்து, 1907இல் துணைச் சட்டத்தால் நிறைவு பெற்ற அந்தச் சாசனம், மன்னரைப் பொறுப்பினின்றும் விலக்கி, மந்திரிகளை நாடாளுமன்றத்திற்குப் பொறுப்பாளிகளாக்கியது. அதனோடு நில்லாமல், மன்னர் வாய்மொழியாகவோ எழுத்து மூலமாகவோ இட்ட கட்டளையைக் காட்டி எந்த மந்திரியும் தம் பொறுப்பைத் தட்டிக் கழிக்கலாகாதென்றும் விதித்தது. அதை எழுதியவர்கள் எதிர்காலத்து ஹொவெய்தாக்களைக் கண்முன் கண்டே எழுதியவர்கள் போலும். ஷாவின் ஆட்சியில் அச்சாசனம் ரத்து செய்யப்படவில்லை. அதன் பெயராலேயே ஒவ்வொரு பிரதமரும் பதவியேற்றார்கள். எந்தச் சட்டத்தின் கீழ் ஒருவர் ஆசனத்தில் அமர்ந்தாரோ அந்தச் சட்டமே அவருடைய எதிர்வாதத்தை முன்கூட்டி மறுத்துவிட்டதென்றால், அதைக் காட்டிலும் வலிய சாட்சி வேறு வேண்டுவதில்லை.

‘நான் விலகினால் என்னிலும் கொடியவன் வருவான், இருந்தால் சிறிதேனும் நன்மை செய்யலாம்’ என்று சொல்லுவது, இப்படிப்பட்ட இடங்களில் இருக்கும் நல்லவர்கள் யாவரும் தமக்குத் தாமே கூறிக்கொள்ளும் ஆறுதல். அதில் ஓரளவு சாரம் உண்டென்பதை மறுப்பதற்கில்லை. பள்ளிகளும் சாலைகளும் தொழிற்சாலைகளும் பெருகின. அவருடைய முதற் சில ஆண்டுகளில் விலைவாசி பெரிதும் கட்டுக்குள் நின்றது. எனினும் விலகுதல் இயலாத காரியமாக இருந்ததென்று சொல்ல வழியில்லை. அலி அமீனி என்ற பிரதமர் ராணுவச் செலவைப் பற்றி ஷாவோடு மாறுபட்டு 1962இல் ராஜீனாமாச் செய்தார். அதிகாரம் போயிற்றே தவிர அவர் உயிர் போகவில்லை. ஆக, ஹொவெய்தாவைப் பதவியில் நிறுத்தியது அச்சம் மட்டும் அன்று. தினந்தோறும் ஒரு சிறு விட்டுக்கொடுத்தல், அதை நியாயப்படுத்த ஒரு சிறு நன்மை, அந்த நன்மையைக் காப்பாற்ற மறுநாள் இன்னொரு விட்டுக்கொடுத்தல் என்று மனம் தனக்குத் தானே கட்டிக்கொண்ட படிகளின் வழியே அவர் இறங்கிச் சென்றார் என்று கருதுவதே பொருத்தமாகும்.

அப்படிகளில் இரண்டை மட்டும் உற்று நோக்கலாம். எண்ணெயைத் தேசியமயமாக்கிய முகம்மது மொஸாதெக், மூன்றாண்டுச் சிறைக்குப்பின் அகமதாபாத் என்னும் தம் கிராமத்திலேயே காவலில் வைக்கப்பட்டு, 1967 மார்ச்சில் காலமானார். 1952இல் தமக்காகத் தெருவில் உயிரிழந்தவர்களின் அருகே தம்மைப் புதைக்க வேண்டுமென்று அவர் கொண்டிருந்த விருப்பம் மறுக்கப்பட்டது. பகிரங்கச் சவ ஊர்வலமும் இல்லை. வாழ்ந்த வீட்டின் தரைக்கடியிலேயே அடக்கம் நடந்தது. அப்பொழுது பிரதம மந்திரி ஹொவெய்தா. முடிவு அவருடையதன்று என்றே வைத்துக்கொள்வோம். தமக்கு முன் அதே ஆசனத்தில் இருந்த ஒரு முதியவருக்கு ஒரு சவக்குழியைக் கேட்டுப் பெறவும் இயலாத பதவி எதற்காக என்ற வினா அப்போதும் எஞ்சி நிற்கிறது. பின்னர் 1975 மார்ச்சில், இருந்த கட்சிகளையெல்லாம் கலைத்து ரஸ்தாகீஸ் என்ற ஒரே கட்சியை ஷா நிறுவி, அதில் சேர மனமில்லாதவர்கள் சிறைக்குப் போகலாம் அல்லது நாட்டை விட்டு வெளியேறலாம் என்ற பொருள்பட அறிவித்தபோது, அக்கட்சியின் பொதுச் செயலாளர் பொறுப்பை ஏற்றவரும் ஹொவெய்தாவே. இங்கே அறியாமை என்ற போர்வைக்கு இடமில்லை. கல்வியும் உலக அனுபவமும் நிரம்பிய ஒருவர், தாம் எதற்குத் தலைமை தாங்குகிறோம் என்பதை நன்கு தெரிந்தே தாங்கினார்.

கொடுங்கோலனுக்குக் கொடியவர்களால் ஆகும் உதவியைவிட நல்லவர்களால் ஆகும் உதவி பெரிது. சவுக்கேந்தியவனைக் கண்டால் ஜனங்கள் அஞ்சுவார்கள், வெறுப்பார்கள். மலர் சூடிய, நயமாகப் பேசுகிற, லஞ்சம் வாங்காத ஒருவரைக் கண்டாலோ, இவ்வாட்சி அவ்வளவு கெட்டதாக இராது என்று எண்ணத் தொடங்குவார்கள். இடிந்த மனைக்கு வெள்ளையடித்த முகப்பாக ஹொவெய்தாவின் நேர்மை பயன்பட்டது. அவர் கையில் கறையில்லை என்பதே அவர் செய்த சேவையின் உட்பொருள். ஆதலால் அந்தக் கறையின்மையை அவருக்குச் சாதகமான சாட்சியாக மட்டும் ஏற்க நியாயம் இடந்தரவில்லை.

இவ்வளவும் சொன்ன பின்னும், அவருடைய இறுதி ஐந்து மாதங்கள் மனத்தை வருத்தாமல் இரா. 1978 நவம்பரில், கிளர்ச்சியின் சினத்தைத் தணிப்பதற்காக, தமக்கு இத்தனை காலம் ஊழியம் புரிந்தவரையே ஷா சிறைப்படுத்தச் செய்தார்; 1979 ஜனவரி 16ஆம் நாள் தாம் நாட்டை விட்டுப் பறந்தபோது அவரைக் காவலிலேயே விட்டுச் சென்றார். சாசனப்படி பொறுப்பற்றவராயிருந்த மன்னர், பொறுப்பாளியான மந்திரியைப் பலிப்பொருளாக்கித் தாம் தப்பியது அச்சாசனத்தின் எழுத்துக்குப் பொருந்தினாலும் பொருந்துமே ஒழிய, மனித தர்மத்திற்குப் பொருந்தாது. பிப்ரவரி 11ஆம் நாள் ராஜ்யம் கவிழ்ந்து காவலர்கள் ஓடிப்போனபோது, ஓடி ஒளிந்துகொள்ள வாய்ப்பிருந்தும் ஹொவெய்தா ஓடவில்லை. புதிய அதிகாரிகளுக்குச் சொல்லியனுப்பித் தாமாகவே சரணடைந்தார். விசாரணை என்று ஒன்று நடந்தால் தாம் பதில் சொல்லலாம் என்று நம்பினார். வாழ்நாளில் தட்டிக்கழித்த பொறுப்பை அவர் மெய்யாகவே தோள்மேல் ஏற்ற வேளை அதுதான் என்று சொல்லுவது மிகையாகாது.

அந்த நம்பிக்கையைப் புதிய ஆட்சி காப்பாற்றவில்லை. மார்ச்சு மாதத்து நள்ளிரவில் தொடங்கிய விசாரணைக்கு நீதிபதியாயிருந்தவர் சாதெக் கல்காலி என்ற மதகுரு. வழக்கறிஞர் இல்லை, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வழியில்லை, பூமியில் சீர்கேட்டைப் பரப்பியவர் என்பது முதலான குற்றச்சாட்டுகளுக்கு மறுமொழி தயாரிக்க அவகாசமும் இல்லை. தற்காலிக அரசின் பிரதமர் மெஹ்தி பஸர்கான் முறையான விசாரணை வேண்டுமென்று வற்புறுத்தியது பயன்படவில்லை. ஏப்ரல் 7ஆம் நாள், வெளியுலகிலிருந்து தலையீடு வந்துவிடாதபடி சிறைச்சாலைக்கும் புறத்தே உள்ளவர்க்குமிடையே தொடர்பைத் துண்டித்துவிட்டு, சில மணி நேரத்தில் தீர்ப்பு கூறி, அன்றே சிறை முற்றத்தில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

ஹொவெய்தா குற்றவாளியா என்றால், ஆம். பதவியின் பொறுப்பைத் துறந்து பதவியை மட்டும் வைத்துக்கொண்ட குற்றம் அவருடையது. அக்குற்றத்திற்கு மரணம் தகுந்த தண்டனையா என்றால், அன்று. தண்டிக்கவே அந்தச் சபைக்குத் தகுதியிருந்ததா என்றால், அதுவும் இல்லை. சாவாக்கின் அறைகளில் மகனைப் பறிகொடுத்த தாய்மார்கள் கேட்க விரும்பியது அவருடைய உயிரை மட்டும் அன்று: யார் கட்டளையிட்டார்கள், யார் அறிந்திருந்தார்கள், எந்தக் காகிதம் எந்த மேசையைக் கடந்து சென்றது, அப்போது பிரதம மந்திரி ஏன் வாய் திறக்கவில்லை என்பவற்றுக்கான மறுமொழிகளையும் கேட்க அவர்களுக்கு உரிமை இருந்தது. அந்த மறுமொழிகளை அறிந்தவர்களுள் முதன்மையானவர் அவர். சொல்லவும் அவர் ஆயத்தமாயிருந்தார். தம் காலத்து வரலாற்றை எழுதி முடிக்க அவர் அவகாசம் கேட்டதையும் நீதிபதி மறுத்துவிட்டார்.