மூடிய மாவு

சீனர்களின் ‘பாவ்’, உள்ளே கறி வைத்து நீராவியில் அவிக்கும் பணிஸ். திம்சம் சமையலறையில் புளித்த மாவை, நடு தடித்து ஓரம் மெலியும்படி வட்டமாக உருட்டுவார்கள். நடுவில் வைத்த கறியை ஒரு கைப் பெருவிரல் அமுக்கியிருக்க, மறுகை விரல்கள் ஓரத்தைச் சுருக்குச் சுருக்காய் மடித்து உச்சியில் கிள்ளி மூடும். மூடியபின் உள்ளிருப்பதைச் செய்தவரும் இறைவனுமே அறிவர்.

ஹொங்கொங் வான்சாயில், அம்மார் பள்ளிவாசல் கட்டடத்தின் ஐந்தாம் மாடி உணவகத்தில் பாவ் உண்டிருக்கிறேன். வழமையாகப் பன்றியிறைச்சி சேரும் பண்டம்; ஆயினும் பிட்டுப் பாராமலே உண்டேன். சான்றிதழை நம்பியா? சான்றிதழ் ஒவ்வொரு மடிப்பின்போதும் பக்கத்தில் நிற்பதில்லை. முகமறியாத விரல்களை நம்பினேன். இதைத்தான் அமானிதம் என்கிறோம்.

அமானிதம் செய்பவருக்கு மட்டும்தானா? 2007 ஜூலையில், தெருக்கடைப் பாவுக்குள் அட்டைக்கூழ் அடைக்கிறார்கள் என்று பெய்ஜிங் தொலைக்காட்சி காட்டியது. செய்தியாளரே அட்டையைக் கொடுத்துக் கூலியாட்களைக் கொண்டு செய்வித்தது பின்னர் தெரியவந்தது. அவருக்கு ஓராண்டுச் சிறை. ஆனால், நேற்று விற்ற பாவைத் திறந்து காட்டித் தன் நேர்மையை நிறுவ எந்த வியாபாரியால் முடியும்?

இது சீனத்துக் கதை மட்டுமல்ல. 2018 பெப்ரவரியில் அம்பாறை உணவகமொன்றின் கறியில் கிடந்த மாவுக்கட்டி, மலட்டு மருந்தாக்கப்பட்டது. பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அது வெறும் மாவு என்று அரச பகுப்பாய்வு சொன்னபோது காலம் கடந்திருந்தது.

மூடிய பண்டத்தில் மோசடி எளிது. அவதூறு அதனினும் எளிது. காணாத இடத்தில் ஒழுங்காகச் செய்வது ஒருவர் கடமையென்றால், காணாததைக் கண்டதாகச் சொல்லாதிருப்பது மற்றவர் கடமை. இரண்டும் ஒரே அமானிதம்தான்.