தவமும் உதவித்தொகையும்

சங்கரன்கோவிலில் கோமதி அம்மன் தவமிருந்தது தனக்காக அல்ல. சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்னும் இரு நாகர்களுக்குள் எழுந்த வழக்குத் தீரவும், இருவரும் ஒருவரே என்று உலகம் காணவும் தவமிருந்தாள் என்கிறது தலபுராணம். ஆடித்தபசுத் திருவிழா அதன் நினைவுதான். அந்த அம்மன் சந்நிதிக்கு எதிரே உள்ள சக்கரப் பீடத்தில் சித்தம் கலங்கியவர்களை உட்காரவைத்து வேண்டிக்கொள்வதும், புற்றுமண்ணைப் பூசிவிடுவதும் ஊரின் நெடுநாள் வழக்கம். அந்த வேண்டுதலின் பலனைப் பற்றி நான் பேசப்போவதில்லை. நான் பேச எடுத்துக்கொண்ட, பிறவியிலிருந்து வரும் வளர்ச்சிக் குறைபாடு தீர்த்துவைக்கக்கூடிய நோயும் அல்ல. ஆனால் பீடத்தில் அமர்பவரிடம் பாதிப்பு எத்தனை சதவீதம் என்று யாரும் கேட்பதில்லை. உதவித்தொகை தர அரசு கேட்கிறது. பொதுப் பணத்தைக் கொடுக்கிறவர்கள் ஏதோ ஓர் அளவுகோல் வைக்கத்தான் வேண்டும். அளந்த பிறகு கொடுப்பது தானமா, பட்ட கடனா என்பதே என் கேள்வி.

நம் சட்டம் மெல்ல மெல்லக் கடன் என்ற பக்கம் நகர்ந்திருக்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றது. ஆட்டிசம் அதில் இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்றதோடு, தன் பெயரில் ‘உரிமைகள்’ என்ற சொல்லை முன்னிறுத்தவும் செய்தது. தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கான மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை 1,500 ரூபாயிலிருந்து 2,000 ஆனது. குழந்தைகளுக்கும் அது கிடைக்கிறது. ஒன்றிய அரசின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியமோ 18 வயதுக்கு மேல், 80 சதவீதப் பாதிப்பு இருந்தால் மட்டுமே; அதிலும் ஒன்றிய அரசின் பங்கு 300 ரூபாய். பேச்சுப் பயிற்சியும் இயன்முறைப் பயிற்சியும் அதிகம் பலன் தருவது முதல் சில வயதுகளில். அந்த வயதில் அந்தத் திட்டத்தின் கணக்கில் குழந்தையே இல்லை.

‘அது அவரவர் வினை, அரசு என்ன செய்யும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. வினைக் கொள்கையை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் இந்தக் கேள்வி நிற்காது. ஆள்வினையுடைமை அதிகாரத்தில் ‘பொறி’ இல்லாமை பழியாகாது என்கிறார் வள்ளுவர். பொறி என்பதற்கு விதி என்றே உரை கண்டார் பரிமேலழகர். அந்தப் பொருளிலும் பழி ஊழுக்கு இல்லை. முயலாமல் இருப்பதற்கே பழி. முன்வினை ஒருவரது துன்பத்துக்குக் காரணம் சொல்லலாம். பக்கத்தில் நிற்பவரின் கடமையை அது தள்ளுபடி செய்யாது.

இதைவிட ஆழமான எதிர்வாதம் பாராட்டின் வடிவில் வருகிறது. குறைபாடுள்ள குழந்தையை வளர்க்கும் தாய் செய்வது தவம், அதற்குக் கூலி பேசினால் அன்பு மலினப்பட்டுவிடும் என்கிறார்கள். நல்ல மனத்தோடு சொல்லப்படுவதால்தான் இது அதிகம் கெடுக்கிறது. விசைத்தறியிலும் பீடி சுற்றுவதிலும் நாள் கூலி வாங்கும் குடும்பங்கள் உள்ள வட்டாரம் சங்கரன்கோவில். குழந்தையைப் பயிற்சிக்குக் கூட்டிப்போகிற நாளில் கூலி கிடையாது. மருத்துவச் சான்றுக்கு அலையும் நாளிலும் கிடையாது. இது விரும்பி ஏற்ற நோன்பு அல்ல, வேறு ஆள் இல்லாததால் தலையில் விழுந்த வேலை. தவம் என்று பெயர் சூட்டிவிட்டால் நாம் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். தோள் கொடுக்க வேண்டியதில்லை. கூலி பெறும் செவிலியரின் பரிவு குறைந்துவிடுவதில்லை என்பதும் எல்லோரும் கண்டதுதான்.

நிதி எங்கே என்பது நியாயமான கேள்வி. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவே, அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்றுதான் பேசத் தொடங்குகிறது. ஆனால் அதே பிரிவு, பிறருக்கான இதுபோன்ற திட்டங்களைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது. அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படியையும் கூறுகிறது. கடனைத் தவணையில் அடைக்கலாம். தவணை என்பதற்காகக் கடன் கொடையாகிவிடாது. வீட்டில் பெண்கள் ஊதியமின்றிச் செய்யும் வேலையும் உழைப்பே என்று ஏற்று, 2023 செப்டம்பர் 15 முதல் மாதம் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது தமிழ்நாடு அரசு. அதற்கு ‘உரிமைத்தொகை’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் மிகச் சரி. இரவும் பகலும் ஒரு குழந்தையைத் தாங்கும் பெண்ணுக்குக் கிடைப்பது மட்டும் இன்னும் ‘உதவி’யாகவே அரசாணைகளில் இருக்கிறது. அந்தச் சொல்லை அரசு மாற்ற வேண்டும். பராமரிப்பவரின் உழைப்பையும் கணக்கில் சேர்த்துத் தொகையை உயர்த்த வேண்டும். முதல் வேலைக்கு ஒரு ரூபாயும் செலவாகாது.