நாமா, நாங்களா

"ஆத்தே உயிரோடதான் இருக்காடீ." அக்கா போனில் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். 2025 ஏப்ரல் 27, ஞாயிற்றுக்கிழமை மதியம். நான் விடைத்தாள் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன நடந்தது என்றே எனக்குத் தெரியாது.

அக்கா என் பெரியம்மா மகள். கனடாவில், வான்கூவரை ஒட்டிய சர்ரேயில், ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறாள். ஆத்தே அவளோடு வேலை பார்க்கும் பிலிப்பினோ பெண். ஆத்தே என்பது பெயரில்லை. தகலாக் மொழியில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நம் ஊர் ஆத்தாவுக்குச் சொந்தமோ என்று முதலில் குதூகலித்தேன். சீனத்திலிருந்து அங்கே போன சொல் என்று பிறகு தெரிந்தது. இவள் அவளை ஆத்தே என்பாள், அவள் இவளை அக்கா என்பாள்.

அங்கே அப்போது நள்ளிரவு. அதற்குச் சில மணி நேரம் முன்பு வான்கூவரில் லாப்பு-லாப்பு நாள் விழா முடியும் வேளையில், உணவு வண்டிகள் நின்றிருந்த தெருவில், கூட்டத்துக்குள் ஒருவர் காரை ஓட்டிவிட்டார். 11 பேர் இறந்தார்கள். வயது 5 முதல் 65 வரை. அவர்களில் 9 பேர் பெண்கள். எல்லோரும் பிலிப்பினோக்கள் அல்லர். விழாவுக்குச் சாப்பிடவும் பாட்டுக் கேட்கவும் வந்த வேற்றுச் சமூகத்தவரும் இறந்தவர்களில் உண்டு. லாப்பு-லாப்பு 1521 ஏப்ரல் 27 அன்று மக்தான் தீவில் மெகல்லனின் படையை முறியடித்த தலைவன். பிரிட்டிஷ் கொலம்பியா அரசு அந்த நாளை 2023இல்தான் அதிகாரபூர்வமாக அங்கீகரித்தது. அக்கா என்னை அழைத்தபோது காலண்டரில் அந்த நாள் பிறந்திருந்தது.

ஆத்தே அந்தத் தெருவில் இருந்தாள். அவளுக்கு அடிபடவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை, யாரென்றே தெரியாத ஒரு பெண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். மறுநாள் காலை ஏழு மணி ஷிஃப்டுக்கு வந்துவிட்டாள். வேறு இரண்டு பேர் வரவில்லை, தானும் போகாவிட்டால் கிழவிகளை யார் எழுப்பி உட்கார வைப்பது என்றாளாம். இல்லத்தில் எல்லோரும் அவளிடம் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: நீ எவ்வளவு உறுதியானவள்!

அக்கா என்னிடம் கேட்டது வேறு. "நான் அவ வீட்டுக்குப் போகட்டுமாடீ? அவங்க வழக்கம் எனக்குத் தெரியாது. கூப்பிடாம எப்படிப் போய் நிக்கிறது?"

நான் சொன்னேன்: "வேண்டாம்க்கா. அவங்க ஆளுங்களோட இருக்கட்டும். அவங்க துக்கத்துல நாம போய்ப் பங்கு கேக்கக் கூடாது."

இதைச் சொன்னபோது நான் மிகவும் பொறுப்போடு பேசுவதாகவே நம்பினேன். அடுத்தவர் வலியைத் தனதாக்கிக்கொள்ளக் கூடாது, ஒரு சமூகம் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ள இடம் விட வேண்டும் என்று கருத்தரங்குகளில் பேசிப் பழகியவள் நான். அந்தப் பேச்சில் நியாயம் உண்டு. ஆனால் 'தானே ஆற்றிக்கொள்ளும் சமூகம்' என்று சொல்லும்போது அந்தச் சமூகத்துக்குள் அடுப்படியில் யார் நிற்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. பெண்ணியம் படித்தவள் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது.

கனடாவில் ஒன்பதரை லட்சம் பிலிப்பினோக்கள் இருப்பதாக 2021 கணக்கெடுப்பு சொல்கிறது. அவர்களில் பலரின் குடும்பக் கதை பராமரிப்பு வேலைக்கு வந்த ஒரு பெண்ணிடமிருந்து தொடங்கும். 1992 முதல் 2014 வரை 'வீட்டோடு தங்கும் பராமரிப்பாளர்' என்றொரு திட்டம் இருந்தது. வேலை தருபவர் வீட்டிலேயே தங்கி 24 மாதம் வேலை செய்து முடித்தால்தான் நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். பிள்ளைகள் அதுவரை ஊரில். காகிதங்கள் நகர்ந்து பிள்ளைகள் வந்து சேர்வதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். ஜெரால்டின் பிராட் என்ற புவியியல் பேராசிரியர் வான்கூவரின் பிலிப்பினோ பெண்கள் அமைப்போடு சேர்ந்து இந்தப் பிரிவைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 2012இல் ஒரு நூல் எழுதினார். மீண்டும் சேர்ந்த பிறகும் தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில் மிஞ்சும் அந்நியம், பள்ளிப் படிப்பைப் பாதியில் விடும் பிள்ளைகள் என்று அதில் வருவதெல்லாம் ஒரு நாட்டின் முதியோரும் குழந்தைகளும் நன்றாகக் கவனிக்கப்பட்டதன் மறுபக்கம். ஆத்தேயும் அப்படி வந்தவள்தான். மகனை மூன்று வயதில் விட்டு வந்தாள், பதினொரு வயதில் விமான நிலையத்தில் பார்த்தாள்.

இந்தப் பெண்களைப் பாராட்டுவதில் யாரும் குறை வைத்ததில்லை. 1988இல் கொரசோன் அக்கினோ, வெளிநாட்டில் வேலை செய்பவர்களைப் புதிய வீரர்கள் என்று அழைத்தார். 2013 நவம்பரில் யோலாண்டா புயலில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, எதையும் தாங்கி எழும் மக்கள் என்று உலகமே மெச்சியது. அந்த மெச்சலின் மேல் பிலிப்பைன்ஸிலேயே பலருக்குக் கசப்பு உண்டு. தாங்குவார்கள் என்று தெரிந்துவிட்டால் கூரை கட்டித் தர அவசரம் இருக்காதல்லவா? நம் வீடுகளிலும் இது பழகிய சங்கதிதான். 'அவ சமாளிச்சுடுவா' என்று ஒரு மருமகளைப் பற்றிச் சொல்லிவிட்டால் பிறகு யாரும் அவளுக்கு உதவப் போவதில்லை.

விபரீதம் நடந்த மறுநாள் மறுநாள், அதாவது 28ஆம் தேதி, கனடாவில் பொதுத்தேர்தல். தலைவர்கள் அஞ்சலிக்கு வந்தார்கள், பேசினார்கள். அந்தப் பேச்சுகளை நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரு சொல்தான். அதை வைத்துக்கொண்டு 'வருந்துகிறோம்' என்றால், அது எதிரே நிற்பவரையும் சேர்த்த நாமா, அவரை வெளியே நிறுத்திய நாங்களா என்று சொல்ல முடியாது. தமிழில் அந்த ஒளிவிடம் இல்லை. தகலாக்கிலும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர்களுக்கு 'தாயோ' என்றால் நாம், 'கமி' என்றால் நாங்கள். இரண்டு மொழிக்கும் எந்த உறவும் கிடையாது. ஆனாலும் பேசுகிறவர் வாயைத் திறந்ததுமே கேட்பவரை உள்ளே சேர்ப்பதா வெளியே விடுவதா என்று முடிவெடுத்தாக வேண்டும் என்ற இலக்கணம் இரண்டிலும் இருக்கிறது.

நான் அக்காவிடம் 'அவங்க', 'நாம' என்று சொன்னேனே, அந்த 'நாம'வுக்குள் ஆத்தே இல்லை. பத்து வருடமாக அக்காவோடு ஒரே கட்டிலின் இரு பக்கமும் நின்று விரிப்பை மாற்றுபவள். என்னை அக்கா பார்த்துப் பத்து வருடமாகிறது.

விழாவை நடத்திய அமைப்பு பாதிக்கப்பட்டவர்களுக்காகத் தொடங்கிய நிதிக்குக் 'கப்வா' என்ற சொல்லைச் சேர்த்துப் பெயர் வைத்தது. கப்வா என்பதை ஆங்கிலத்தில் 'பிறர்' என்று மொழிபெயர்ப்பார்கள். அது தவறு என்று 1970களில் பிலிப்பினோ உளவியல் என்றொரு சிந்தனையை உருவாக்கிய விர்ஹிலியோ என்ரிக்கெஸ் வாதிட்டார். பிறர் என்றால் 'நான்' இந்தப் பக்கம், அவர்கள் அந்தப் பக்கம். கப்வாவில் நானும் இருக்கிறேன். தெரிந்தவர், தெரியாதவர் என்று இரு வகை உண்டு, ஆனால் இருவருமே கப்வா. அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டது அதுதான். இன்னொரு சொல் 'தாமாய்'. துக்கத்தில் உடனிருத்தல். அதிலிருந்து பிறந்த 'நதாமாய்' என்றால், தொடர்பே இல்லாமல் அடுத்தவர் ஆபத்தில் சிக்கி அடிபடுதல். ஆறுதலுக்கும் அகப்பட்டுக்கொள்வதற்கும் ஒரே வேர்.

இதையெல்லாம் படித்து நெகிழ்ந்துவிடுவது எளிது. எனக்குச் சந்தேகமும் வந்தது. பிலிப்பினோக்களின் கூட்டுதவிக்கு அடையாளமாக ஒரு படம் காட்டுவார்கள்: ஊரே சேர்ந்து ஒரு குடிசையை மூங்கில்களில் அப்படியே தூக்கிக்கொண்டு போகும். நான் பார்த்த படங்களிலெல்லாம் தூக்குபவர்கள் ஆண்கள். தூக்கி முடித்தவர்களுக்கு வீட்டுக்காரர் விருந்து போட வேண்டும் என்பது வழக்கம். விருந்து சமைப்பவள் படத்தில் இருக்க மாட்டாள். 'நாம்' என்ற சொல்லின் பெருந்தன்மைக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற கை ஒன்று எப்போதும் உண்டு. நம் பக்கம் இன்னும் மோசம். சாவு வீட்டில் ஊரே கூடும் என்று பெருமை பேசுகிற கிராமத்தில் சுடுகாடு சாதிக்கு ஒன்றாக இருக்கிறது. கப்வாவுக்குத் தமிழில் ஒரு சொல் தேடிப் பார்த்துவிட்டு நான் விட்டுவிட்டேன்.

காரை ஓட்டியவர் மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது. மனநலச் சிகிச்சையில் இருந்தவர். அவரும் கப்வாவா? வகுப்பில் இதைக் கேட்டபோது ஒரு மாணவி எழுந்து, "அதை அடிபட்டவங்ககிட்ட கேக்காதீங்க மேம்" என்றாள். சரியான பதில். செத்தவர் வீட்டாரிடம் மன்னிப்பை எதிர்பார்ப்பதும் அவர்களிடம் இன்னொரு வேலை வாங்குவதுதான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடியவர்கள் உண்டு. சிகிச்சையில் இருப்பவர்களை யார் தொடர்ந்து பார்க்கிறார்கள், எத்தனை பேருக்கு ஒரு செவிலி என்று அரசைக் கேட்கலாம். இங்கே அந்தக் கேள்வியே எழாது, ஏனென்றால் அப்படி ஒருவரைப் பூட்டிய அறைக்கு வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொள்ள ஒரு தாயோ அக்காவோ இருப்பாள்.

அக்கா நான் சொன்னதைக் கேட்டு மூன்று நாள் இருந்தாள். நான்காம் நாள் கிளம்பிவிட்டாள். இறந்தவர்களுக்காக ஆத்தேயின் பகுதியில் ஒரு வீட்டில் ஒன்பது நாள் ஜெபம் நடந்தது. அக்கா எலுமிச்சை சாதம் கிளறிக்கொண்டு போனாள். கூடத்தில் ஜெபமாலை, சமையலறையில் ஆத்தே. வருகிறவர்களுக்கெல்லாம் நூடுல்ஸ் பரிமாறிக்கொண்டிருந்தாள். ஆறுதல் சொல்ல வந்த ஆலோசகருக்கும் அவள்தான் தட்டு நீட்டினாள். சமையலறையில் இருந்த ஆறு பெண்களும் வேலையால் பராமரிப்பாளர்கள், அன்று இரவு ஷிஃப்டுக்குப் போக வேண்டியவர்கள் அதில் மூன்று பேர்.

அக்கா கரண்டியை வாங்கிக்கொண்டாள். "உட்காரு" என்றாள். ஆத்தே மாட்டேன் என்றாள். இல்லத்தில் பிடிவாதம் பிடிக்கும் கிழவிகளை உட்கார வைப்பதற்கு ஒரு பிடி உண்டாம், முழங்கைக்குக் கீழே கையைக் கொடுத்து. அதைப் போட்டதும் ஆத்தேக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு வெகு நேரம் அழுதாள். அக்கா பாத்திரங்களைக் கழுவிவிட்டு வந்தாள்.

ஆத்தே சம்பளத்தோடு கூடிய விடுப்பு கேட்டு விண்ணப்பிக்க அக்காதான் தாள்களை நிரப்பினாள். இறந்தவர்களுக்கு அவள் உறவினர் இல்லை என்று நிர்வாகம் மறுத்தது. அக்காவும் இன்னும் நாலு பேரும் தங்கள் விடுப்பிலிருந்து ஆளுக்கு இரண்டு நாளை அவளுக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள். விதியில் இடமில்லை. கடைசியில் ஷிஃப்டுகளைப் பிரித்துக்கொண்டார்கள். அதுவும் பெண்கள் ஐந்து பேர் தலையில் ஏறிய கூடுதல் வேலைதான். அக்காவுக்கு முதுகுவலி வந்து ஒரு வாரம் படுத்தாள். இதை நான் வெற்றிக் கதையாகச் சொல்லவில்லை.

ஜூன் முதல் வாரத்தில் நாற்பதாம் நாள் ஜெபம். அதற்கு ஆத்தேயே அக்காவை அழைத்தாள். 'நாலு மணிக்கு வா, நாம் சேர்ந்து சமைக்கலாம், உன் பெரிய குக்கரைக் கொண்டு வா' என்று செய்தி. அக்கா அதை என்னிடம் வாசித்தாள்.

"அவ தாயோன்னு சொன்னாளா, கமின்னு சொன்னாளா?" என்று ஆவலோடு கேட்டேன்.

"அவ எங்கிட்ட இங்கிலீஷ்லதானடி பேசுவா" என்றாள் அக்கா. "சரி வையி, அரிசி ஊறப் போடணும்."