தொழில் தொடங்க வருபவரின் பாத்தியதை

தன் எல்லைக்குள் யாரை அனுமதிப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஒவ்வொரு தேசத்துக்கும் உண்டு என்பதை ஒப்புக்கொண்ட பிறகும், அந்த அதிகாரத்தை எந்த யோக்கியதையைப் பார்த்துப் பிரயோகிப்பது நியாயம் என்ற கேள்வி மிஞ்சியே நிற்கிறது. அந்நியர் வந்து தொழில் தொடங்குவதற்கென்று விசேஷ விசா அளிக்கலாமா என்று அமெரிக்காவில் நெடுநாளாக நடந்துவரும் விவாதத்தின் அடியில் இருப்பதும் இதே கேள்விதான். 2010-இல் ஜனநாயகக் கட்சியின் ஜான் கெர்ரியும் குடியரசுக் கட்சியின் ரிச்சர்ட் லூகரும் கட்சி பேதம் பாராமல் செனட் சபையில் கொண்டுவந்த மசோதா, அமெரிக்க முதலீட்டாளரிடம் 2,50,000 டாலர் திரட்டும் அந்நியருக்கு விசா தரலாமென்றும், இரண்டாண்டுக்குள் ஐந்து பேருக்காவது வேலை கொடுத்துத் தொழிலையும் குறிப்பிட்ட அளவு வளர்த்தவருக்கு நிரந்தர வாசம் அளிக்கலாமென்றும் கூறிற்று. பிறகு பலமுறை புதுப்பிக்கப்பட்டும் அது சட்டமாகவில்லை.

ஆதரிப்போரின் வாதத்தில் சாரம் உண்டு. சுயமாக உழைத்துத் தொழில் நடத்த வருபவருக்குத் தக்க வழி வகுக்காத அந்தத் தேசம், பெருந்தொகையை முதலீடு செய்து பத்துப் பேருக்கு வேலை உண்டாக்கும் செல்வருக்கு 1990-லேயே தனி வழி வகுத்துவிட்டது. படித்த எஞ்சினீயர் ஒருவர் எச்-1பி விசாவில் ஒரு முதலாளியை அண்டியே இருக்க வேண்டும். கிரீன் கார்டு என்னும் நிரந்தர வாச அனுமதியில் எந்த ஒரு நாட்டுக்கும் நூற்றுக்கு ஏழு வீதத்துக்கு மேல் இல்லை என்ற வரம்பினால், இந்தியாவில் பிறந்தவர் அதற்குப் பத்தாண்டுக்கும் மேலாகக் காத்திருப்பது சர்வ சாதாரணம். தன் யோசனையைத் தானே செயலாக்கும் வயதில் ஒருவரைப் பிறர் கணக்கில் உழைக்கக் கட்டிவைப்பது அநீதி என்பதில் சந்தேகமில்லை.

ஆனால், 'தேசத்துக்கு லாபம் சம்பாதித்துத் தருவார், ஆகையால் வரலாம்' என்ற நியாயம் பார்க்கும்போது தோன்றுகிற அளவுக்கு உறுதியானதன்று. கூகுளை நிறுவியவருள் ஒருவரான செர்கெய் பிரின், சோவியத் நாட்டு யூதக் குடும்பத்தின் ஆறு வயதுச் சிறுவனாக 1979-இல் வந்தவர். வாட்ஸ்அப்பை உருவாக்கிய ஜான் கூம், உக்ரைனிலிருந்து தாயாருடன் வந்து, சர்க்காரின் உணவு உதவியில் வளர்ந்தவர். இவர்களை எந்த முதலீட்டாளரும் அன்று சோதித்துத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. மனிதாபிமானத்தால் திறந்த கதவின் பலனைக் காட்டி, கணக்குப் பார்த்துத் திறக்கும் கதவுக்கு வாதாடுவது பொருந்தாது.

மசோதா நிறைவேறாத நிலையில், ஒபாமா ஆட்சி முடியும் தறுவாயில், 2017 ஜனவரியில் உள்நாட்டுப் பாதுகாப்பு இலாகா தொழில் தொடங்க வரும் அந்நியருக்கென ஒரு விதியை வெளியிட்டது. டிரம்ப் நிர்வாகம் அதைத் தள்ளிவைக்கப் பார்த்தது, நீதிமன்றம் தடுத்தது. ரத்து செய்யும் உத்தேசம் 2021-இல் கைவிடப்பட்டது. அது தருவது விசா அன்று. முப்பது மாதத்துக்கும், தகுதியை நிரூபித்தால் மேலும் முப்பது மாதத்துக்கும் 'பரோல்' என்னும் தற்காலிக அனுமதி. ஸ்தாபகர் தொடக்கத்தில் கம்பெனியின் பத்து சதவீதப் பங்காவது வைத்திருக்க வேண்டும். முதல் முப்பது மாதத்தில் அது ஐந்துக்குக் கீழே இறங்கலாகாது. இந்த ஷரத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். புதுக் கம்பெனி அடுத்த தவணை மூலதனம் பெறும்போதெல்லாம் புதுப் பங்குகள் வெளியாகி ஸ்தாபகரின் வீதம் தேய்வது தொழிலுலக வழக்கமாகையால், ஒப்பந்த நகலை மேஜைமேல் வைத்துக் கையெழுத்துக்குக் காத்திருக்கும் முதலீட்டாளரின் பிடியில், பங்கோடு சேர்த்து, எதிரே இருக்கும் மனிதர் அந்நாட்டில் வசிக்கும் பாத்தியதையும் அகப்பட்டுக்கொள்கிறது. டைரக்டர் சபை அவரைப் பொறுப்பிலிருந்து நீக்கினாலும் அதே கதிதான். 'இந்த ஷரத்துக்குச் சம்மதியேன்' என்று எழுந்து போகும் சுதந்திரம் உள்ளூர் ஸ்தாபகருக்கு உண்டு, இவருக்கு இல்லை. ஜனங்களின் பெயரால் சர்க்கார் செலுத்த வேண்டிய அதிகாரம் இவ்வாறு லாபம் நாடும் தனியார் கைக்குப் போவதே இத்திட்டத்தின் பெருங்குறை.

உள்ளூர்த் தொழிலாளர் பாதிக்கப்படுவர் என்ற ஆட்சேபம் கூலிக்கு ஆள் தருவிக்கும் விசாக்களுக்கே அதிகம் பொருந்தும். வேலை கொடுக்க வருபவர் விஷயத்தில் அதற்கு வலுவில்லை. இந்திய மக்களின் வரிப்பணத்தில் ஐ.ஐ.டி.யில் படித்தவர் வெளியேறுவது தாய்நாட்டுக்கு நஷ்டம் என்பது மெய்; ஆயினும் மனிதரைத் தடுத்து நிறுத்துவது அதற்குப் பரிகாரமாகாது.

தோல்வியின் விஷயமே கடினமானது. புதுத் தொழில்களில் பல நசித்துப்போவது இயல்பு. நொடித்த பிரஜைக்கு அமெரிக்கத் திவால் சட்டம் கடனிலிருந்து விடுதலை தந்து மீண்டும் தொடங்க இடமளிக்கிறது; அதே நஷ்டத்தை அடைந்த அந்நியரோ பள்ளியில் படிக்கும் குழந்தைகளோடு நாட்டை விட்டுப் போக வேண்டியவராகிறார். துணிவுக்காகவே ஒருவரை வரவேற்று, அத்துணிவின் இயற்கையான விளைவுக்காக அவரை வெளியேற்றுவது தர்மமாகாது. கனடா 2013-இல் இதற்கென வகுத்த திட்டத்திலும் முதலீட்டாளரோ தொழில் வளர்ப்பு நிறுவனமோ ஆதரிக்க வேண்டும் என்ற குறை இருந்தது. எனினும் நிரந்தர வாசம் பெற்றவரின் தொழில் பின்னர் நொடித்தாலும் அந்த உரிமையை அது பறிக்கவில்லை. அமெரிக்கக் காங்கிரஸ் இத்தகைய மசோதாவை மறுபடி கையிலெடுக்குமானால், பங்கு வீதத்தோடு வாசத்தை முடிச்சிடும் ஷரத்தை நீக்கி, தோற்றவர் வேறு வேலை தேடிக்கொள்ள நியாயமான அவகாசத்தையும் சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.