விலை போகாத மலர்

விலை போகாமற் போய்விட்ட ஒரு செடிக்கு, அதனால் எவருக்கும் ஜீவனம் நடவாது என்று தெளிந்த பின்னும், மண்ணில் நிற்க உரிமை உண்டா என்னும் கேள்வி, தத்துவ நூல்களில் எழுவதற்குப் பதிலாக, ஜப்பானின் வடபுலத் தீவாகிய ஹொக்கைடோவில், நகாஃபுரானோ என்ற ஊரின் ஒரு குடும்பப் பண்ணையில் பிரத்தியட்சமாகவே எழுந்தது. 1903ஆம் ஆண்டு தொமிதா தொகுமா என்பவர் வந்து திருத்திய நிலம் அது. அவர் வழிவந்த தொமிதா ததாவோ, 1958இல் அதன் ஒரு பகுதியில் லாவண்டர் பயிரிட்டார். வாசனைத் தைலத்துக்காகவே பிரான்ஸிலிருந்து விதையாக வந்த செடி அது. 1970 அளவில் ஃபுரானோ வட்டாரத்தில் 250க்கு மேற்பட்ட குடும்பங்கள் அதை நம்பியிருந்தன. பிறகு செயற்கை வாசனைப் பொருள்களும் மலிவான இறக்குமதித் தைலமும் சந்தையைப் பிடித்துக்கொள்ள, 1973இல் கொள்முதல் நின்றது. ஊதா நிறம் பூத்த சரிவுகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக உழவிற்கு இரையாயின.

ததாவோவும் அழித்துவிடத்தான் எண்ணினார்; ஆனால் மனம் ஒப்பவில்லை. இன்னும் ஓராண்டு பார்ப்போம், இன்னும் ஓராண்டு பார்ப்போம் என்று, வேறு பயிரால் வந்த வரும்படியைக் கொண்டு, ஒரு பயனுமில்லாத அச்செடிகளைக் காத்து வந்தார். 1976இல் ஜப்பான் தேசிய ரயில்வேயின் நாட்காட்டியில் அந்த வயலின் படம் வெளியாயிற்று. அதைக் கண்டு காமிராவும் கையுமாகச் சிலர் வந்தனர். பின்னர்ப் பலர் வந்தனர். தைலம் வாங்க அல்ல, வெறுமனே நின்று பார்க்க. பண்ணை பிழைத்தது. உலர்ந்த பூவைப் பைகளில் இட்டு விற்பதும், பின்பு சொந்தமாகவே தைலம் வடிப்பதும் அதன்பின் வந்தவை.

பிற்காலத்து லாபத்தை முன்னே வைத்து, இதுவும் ஒரு வியாபார சாமர்த்தியமே என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். அந்த ஆட்சேபத்தை நான் ஏற்கவில்லை. நாட்காட்டி வரும் என்றோ, ரயிலேறி ஜனங்கள் வருவார்கள் என்றோ அறியாத அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் செய்த காரியத்தைத்தான் நாம் நிறுத்துப் பார்க்கவேண்டும். அப்பொழுது பலன் என்பது கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. பலனில் பற்றின்றிக் கர்மம் செய்யும்படி கீதை உபதேசிக்கிறது. ஆனால் செய்யும் பொருளின்மீதே அன்பு கொண்டு, அந்த அன்பை விடமாட்டாமல் ஒருவன் செய்தால் அதுவும் பற்றுத்தானே என்று கேட்பவர்களுக்கு, பலனை விரும்புவது வேறு, உயிரை நேசிப்பது வேறு என்பதே என் பதில். முன்னது தன்னை நோக்கித் திரும்புகிறது. பின்னதோ தன்னை மறக்கச் செய்கிறது. பயனில்லாததை நேசிக்கப் பழகாதவன் கடவுளை நேசிப்பதாகச் சொல்வதில், ஏதோ ஒரு வரத்தை எதிர்பார்க்கும் நோக்கம் கலந்தே இருக்கும்.

பூஜைக்கு மலர் கொய்யச் சென்று, அம்மலருக்குள்ளேயே பரம்பொருள் வீற்றிருக்கக் கண்டு, கை நீட்ட மாட்டாமல் நின்றவர் நம் தாயுமானவர். அந்தக் கருணையின் முன் எவரும் தலைவணங்குவர். ஆயினும் லாவண்டர் இங்கே ஒரு நுட்பமான பாடத்தை வைத்திருக்கிறது: பூத்தொழிந்த தண்டுகளை ஆண்டுதோறும் வெட்டாமல் விட்டுவிட்டால், அடி மரமாக முற்றி, செடி நடுவே பிளந்து, வரவரப் பூக் குறைந்து போகும். எனவே தீண்டாமல் விடுவது மட்டும் அஹிம்சை ஆகாது. சமயமறிந்து அரிவாளெடுப்பதும் அன்பின் கடமைகளுள் ஒன்றாகிறது. துறவியின் கருணையும் உழவனின் கருணையும் இவ்விடத்தில் வேறுபடுகின்றன. இரண்டில் எது உயர்ந்தது என்று தீர்ப்புக் கூற நான் துணியேன்.

இனி நிலத்தின் உரிமையைப் பற்றி. ஈசாவாஸ்ய உபநிஷத்தின் முதல் மந்திரத்திலேயே இந்து தர்மத்தின் சாரம் அடங்கியிருக்கிறது என்று 1937இல் திருவிதாங்கூர்ச் சுற்றுப்பயணத்தில் காந்தியடிகள் மீண்டும் மீண்டும் எடுத்துரைத்தார். எல்லாம் ஈசனுடையது என்றால், செல்வமுடையவன் அதன் தர்மகர்த்தாவே என்ற அவருடைய கொள்கை அதோடு இசைந்தது. பரம்பரை நிலத்தின் வேலியை நீக்கி, முன்பின் அறியாதவரைக் கட்டணமின்றி உள்ளே வரவிடும் குடும்பம், அந்த மந்திரத்தைக் கேட்டிராமலே அதை அனுஷ்டிக்கிறது. எனினும் பரம்பரை என்ற சொல்லை நான் சற்றுத் தயக்கத்தோடேயே எழுதுகிறேன். குடியேறியவர்கள் காடு திருத்த வருமுன், ஹொக்கைடோ ஐனு மக்கள் வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்த பூமி. 1899இல் அவர்களைப் பாதுகாப்பதாகப் பெயரிட்டு இயற்றப்பட்ட சட்டம், அவர்களை உழவராக மாற்ற முற்பட்டு, அவர்களுடைய வாழ்முறையையே குலைத்தது. அந்த அநீதிக்குத் தனியொரு குடும்பத்தைக் குற்றஞ்சாட்டுவது முறையன்று. ஆனால் தர்மகர்த்தா என்ற நிலையை மெய்யாக ஏற்கிறவர், தமக்கு முன் அம்மண்ணைப் பேணியவர்களின் கணக்கையும் ஏற்றே ஆகவேண்டும். பார்க்க வருகிறவருக்கும் அக்கணக்கில் ஒரு பங்கு உண்டு. ஜூலை மாதத்தில் லாவண்டர் காண ஃபுரானோவுக்குச் செல்லும் நம்மவர், அதே தீவின் ஷிராஒயி நகரில் 2020இல் திறக்கப்பட்ட ஐனு தேசிய அருங்காட்சியகத்துக்கும் ஒரு நாளை ஒதுக்குவார்களாக.