ஜெயித்த ஆட்டத்தில் என் பங்கு

தோற்ற ஆட்டத்தை ஆராயச் சொல்லி யாரும் நம்மை வற்புறுத்த வேண்டியதில்லை. ராத்திரி படுத்தால் அதுவே தலைக்குள் ஓடும். ஜெயித்த ஆட்டத்தைத் திரும்ப எடுத்துப் பார்க்கத்தான் மனசு வராது. செஸ் கிளப்பில் ஆட்டம் முடிந்ததும் தோற்றவர், "ஒரு தடவை வெச்சுப் பாக்கலாமா சார்?" என்று காய்களை அடுக்குவார். ஜெயித்தவருக்குச் சட்டென்று காபி ஞாபகம் வந்துவிடும்.

செஸ் வீரர் மானுவல் ஆரோன் 1972-ல் சென்னையின் சோவியத் பண்பாட்டு மையத்தில் தொடங்கிய டால் செஸ் கிளப்பில், பிளிட்ஸ் என்ற அதிவேக ஆட்டம் ஆடும்போது ஜெயித்தவர் நாற்காலியை விட வேண்டாம் என்பது அப்போதைய விதி. தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டியிருந்தது. சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் பழகியது இந்த விதியில்தான். அருமையான விதி. ஆனால் யோசிக்க அவகாசம் கிடைத்தது யாருக்கு? வரிசையில் நின்றவருக்கு.

மயிலாப்பூரில் ஒரு சின்னப் போட்டியில் கடைசிச் சுற்றில் ஜெயித்தேன். வீட்டுக்கு வந்து கணினியின் செஸ் என்ஜினில் போட்டால், 38-வது நகர்வு வரை சமநிலை. அங்கே எதிராளி ராஜாவைத் தப்பான பக்கம் நகர்த்தினார். அதற்குப் பிறகு யார் ஆடியிருந்தாலும் ஜெயித்திருப்பார்கள். "நெருக்கடி கொடுத்தேன், தடுமாறினார்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவரிடமே கேட்டும் பார்த்தேன். "நெருக்கடியெல்லாம் இல்ல சார். டிரா ஆனா மூணாவது பரிசு போயிடும்னு அவசரப்பட்டேன்" என்றார். அவரை உலுக்கியது பரிசுப் பட்டியல். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகப் பட்டப் போட்டியின் 14-வது, கடைசி ஆட்டம், இருவரும் 6.5 - 6.5. கறுப்புக் காய்களோடு ஆடிய நம்மூர் குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். ஆனாலும் டிராதான் என்று பார்த்தவர்கள் எழுதிவைத்துவிட்டார்கள். 55-வது நகர்வில் அப்போதைய சாம்பியன் டிங் லிரென் ரூக்கை மாற்றிக்கொள்ள முன்வந்து ஆட்டத்தைத் தொலைத்தார். உலகப் பட்டத்தை இப்படியா வாங்குவது என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. நான் கவனித்தது ஆட்டத்துக்குப் பிறகு குகேஷ் சொன்னதை: அது தவறு என்று தனக்கு உடனே தெரியவில்லை, வேறொரு நகர்வை ஆடவே கை போகவிருந்தது என்றார். "வலை விரித்துக் காத்திருந்தேன்" என்று பதினெட்டு வயதுப் பையன் சொல்லியிருந்தால் யார் மறுத்திருப்பார்கள்? டிங்கின் பிஷப் மூலையில் மாட்டியிருப்பதை அப்புறம்தான் பார்த்தாராம்.

அப்படியானால் அந்த வெற்றியில் அவருடையது எது? டிராவோடு நிறுத்திக்கொள்ளாமல், ஒன்றுமில்லாத நிலையில் மணிக்கணக்காக அந்தச் சிப்பாயை விடாமல் ஆடியது. என்ஜின் அதற்குக் காலணா மதிப்பும் தருவதில்லை. டிங் தவறுவார் என்று அவருக்குத் தெரியாது. தவறுவதற்கு இடம் இருக்கும்படி ஆட்டத்தை உயிரோடு வைத்திருந்தார். வேலை, கல்யாணம், வீடு என்று நமக்கு வாய்த்தவற்றிலும் பாதி இப்படி யாரோ தவறவிட்டதுதான். அங்கேயும் "நெருக்கடி கொடுத்தேன்" என்றுதான் கதை சொல்கிறோம்.

சொந்த ஆட்டங்களுக்குக் குறிப்பு எழுதி அச்சில் விடுங்கள், பிறர் திருத்துவார்கள் என்பது முன்னாள் உலகச் சாம்பியன் போட்வின்னிக்கின் அறிவுரை. மயிலாப்பூர் ஆட்டத்துக்கு நானும் எழுத உட்கார்ந்தேன். என் 39-வது நகர்வுக்குப் பக்கத்தில் நல்ல நகர்வு என்று ஆச்சரியக்குறி போட்டிருந்தேன், அதை அடித்தேன். 25 முதல் 38 வரை, ஒன்றும் நடக்காதவை என்று குறியே போடாமல் விட்டிருந்த நகர்வுகளுக்குத்தான் இப்போது பக்கம் போதவில்லை.